தலையாட்டுனதுல போன டேட்டா

ஒரு அமெரிக்க யுனிவர்சிட்டில சோஷியல் சைக்காலஜி லேப்ல மேனேஜரா இருக்கேன்னு சொன்னா ஊர்ல ரெண்டே ரெண்டு கேள்விதான் வரும். "அப்ப நான் இப்ப என்ன நினைக்குறேன் சொல்லு பாப்போம்" ஒண்ணு, "லேப்னா எலி கிலி எல்லாம் இருக்குமா" இன்னொண்ணு. முதல் கேள்விக்கு எங்க பெரியப்பா மூஞ்சியப் பாத்து "காபி"ன்னு சொல்லி ஒருதடவ ஜெயிச்சிருக்கேன். எலி கிடையாது. ஒரு பழைய கட்டடத்துல மூணாவது மாடி, வரிசையா நாலு குட்டி ரூம், ஒவ்வொண்ணுலயும் ஒரு கம்ப்யூட்டர், ஒரு நாற்காலி, ஒரு டிஷ்யூ டப்பா. ஜன்னல் இல்ல. சுவத்துல ஒரு காலண்டர் கூட மாட்ட விடமாட்டோம், காலண்டர்ல இருக்கற நாய்க்குட்டியப் பாத்து ஒருத்தருக்கு மூடு மாறிச்சுன்னா அதுவும் ரிசல்ட்ல வந்து உக்காந்துக்கும்.

மத்தபடி எல்லாம் மனுஷங்கதான். மேல ப்ரொஃபசர், அவங்கள எல்லாரும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாங்க, எனக்கு வாய் வரவே மூணு மாசம் ஆச்சு. ஒரு போஸ்ட்டாக் (பிஎச்டி முடிச்சிட்டு ஆராய்ச்சி பண்றவர்), ரெண்டு பிஎச்டி பசங்க, நான், அப்புறம் பதினோரு அண்டர்கிராட் ஆர்.ஏ. பசங்க, அதாவது டிகிரி படிச்சுக்கிட்டே ரிசர்ச் அசிஸ்டன்டா வர்றவங்க. இந்த பதினோரு பேர்தான் லேப்பே. காசு கிடையாது, கோர்ஸ் கிரெடிட் மட்டும். வாரத்துக்கு ஒன்பது மணிநேரம் வந்து, ஆராய்ச்சிக்கு வர்ற பார்ட்டிசிபன்ட்டுங்கள வாசல்ல வரவேத்து, சம்மதம் கேக்கற கன்சென்ட் ஃபார்ம் குடுத்து, ஸ்கிரிப்ட் படிச்சு, கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார வச்சு, முடிஞ்சதும் உண்மையச் சொல்லி அனுப்பணும். ப்ரொஃபசர் ஒரு பார்ட்டிசிபன்ட்ட நேர்ல பாத்து பல வருஷம் இருக்கும்.

ஸ்கிரிப்ட்னா சினிமா டயலாக் மாதிரி ஒரு வார்த்தை மாறக்கூடாது. "ஹாய், ஸ்டடிக்கு வந்தீங்களா" கேட்டதுக்கு அப்புறம் "வெளில நல்ல குளிர்ல" ன்னு சேத்துக்கக் கூடாது. கதவ ரெண்டு தடவதான் தட்டணும். புதுசா வர்ற பசங்க இதெல்லாம் லூசுத்தனம்னு நினைப்பாங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன், என் கதை நடக்குற வரைக்கும்.

நான் சேந்த புதுசுல ஆள் பத்தாம ஒரு ஸ்டடிய நானே ரன் பண்ணேன். ரெண்டு பொருள்ல ஒண்ண தேர்ந்தெடுக்கச் சொல்லிட்டு, ஏன் அத எடுத்தீங்க, எவ்வளவு உறுதியா இருக்கீங்கன்னு நேருக்கு நேரா கேக்கணும், நான் ஒண்ணும் ரியாக்ட் பண்ணாம எழுதிக்கணும், அவ்வளவுதான். ஸ்கிரிப்ட ஒரு எழுத்து பிசகாம படிச்சேன், சிரிக்கல, கண்ண உருட்டல, எனக்கே பெருமையா இருந்துச்சு. மூணு வாரம் கழிச்சு போஸ்ட்டாக் வீடியோவ சவுண்ட் இல்லாம ஓட்டிப் பாத்துட்டு என்னைக் கூப்பிட்டார். "அவங்க பதில் சொல்லச் சொல்ல நீ ஏன் இல்ல இல்லன்னு தலையாட்டுற?"

நான் எங்க இல்லன்னு ஆட்டுனேன். ஸ்கிரீனப் பாத்தா, ஐயோ, நம்ம ஊர் தலையாட்டல். அப்பா கடையில நின்னு கஸ்டமர் சொல்றத கேக்கும்போது ஆட்டுவாரே, "ம், சொல்லுங்க சொல்லுங்க"ன்னு இடதும் வலதுமா, அச்சு அசல் அதே. நமக்கு அது "கேட்டுட்டுதான் இருக்கேன்". எதுத்தாப்புல இருக்கற பத்தொன்பது வயசு வெள்ளக்காரப் பொண்ணுக்கு அது "நீ தப்பு". வீடியோல தெளிவாத் தெரியுது, நான் ஆட்ட ஆட்ட அவ குரல் இறங்குது, கடைசில உறுதி எவ்வளவுன்னா கம்மியா நாலுன்னு போட்டுட்டுப் போறா. 22 பேரோட டேட்டா தூக்கிப் போட்டோம். யாரும் திட்டல. அதான் இன்னும் கஷ்டமா இருந்துச்சு.

அன்னைக்கு போஸ்ட்டாக் ஆறுதலுக்கு ஒரு எலிக் கதை சொன்னார் (எலி இல்லன்னு சொன்னேன், கதையில இருக்கு). 1963ல ராபர்ட் ரோசென்தால்னு ஒரு சைக்காலஜிஸ்ட் 12 மாணவர்கள்கிட்ட ஆளுக்கு அஞ்சு எலி குடுத்து, பாதி பேர்கிட்ட இது புத்திசாலி வம்சத்து எலி, மீதி பேர்கிட்ட இது மக்கு எலின்னு சொல்லி புதிர்ப்பாதையில ஓட விடச் சொன்னார். எல்லாம் ஒரே மாதிரி சாதாரண எலிதான். ஆனா புத்திசாலின்னு சொன்ன எலிங்க நல்லா ஓடுச்சு, அதுங்கள வச்சிருந்த பசங்க அதுங்க நல்ல எலின்னு பாசமா தொட்டுத் தூக்கியிருக்காங்க. எலிக்கே புரியுதுன்னா மனுஷனுக்குப் புரியாதா.

இன்னொண்ணு எனக்கு எலிய விட பிடிச்ச கதை. 1996ல நியூயார்க் யுனிவர்சிட்டில ஜான் பார்க்னு ஒரு சைக்காலஜிஸ்ட்டும் அவர் கூட இருந்தவங்களும் ஒரு பேப்பர் போட்டாங்க. கலைஞ்ச வார்த்தைகள வச்சு வாக்கியம் அமைக்கச் சொல்லி, சில பேருக்கு அதுல முதுமைய ஞாபகப்படுத்துற வார்த்தைகள கலந்து குடுத்தா, அவங்க வெளில வரும்போது வராண்டாவுல மெதுவா நடக்குறாங்கன்னு. நடைய அளந்தது வராண்டாவுல சும்மா உக்காந்திருக்கற மாதிரி நடிச்ச ஒருத்தர், கைல மறைச்சு வச்ச ஸ்டாப்வாட்ச். பாடப்புத்தகம் வரைக்கும் போன ஸ்டடி அது. 2012ல பிரஸ்ஸல்ஸ்ல ஒரு குழு அதையே திரும்பப் பண்ணாங்க, ஸ்டாப்வாட்சுக்கு பதிலா இன்ஃப்ராரெட் சென்சார். வித்தியாசமே வரல. உடனே விட்டுடாம இன்னொன்னு பண்ணாங்க, இதுதான் அழகு, பத்து எக்ஸ்பெரிமென்டர்கள, அதாவது ஸ்டடிய நடத்துறவங்கள, எடுத்து பாதி பேர்கிட்ட முதுமை வார்த்தை பாத்தவங்க மெதுவா நடப்பாங்க, மீதி பேர்கிட்ட வேகமா நடப்பாங்கன்னு சொல்லி விட்டாங்க. மெதுவா நடப்பாங்கன்னு நம்புன எக்ஸ்பெரிமென்டர் இருந்த இடத்துல மட்டும்தான் சென்சார்லயும் நடை மெதுவாச்சு. அந்த ரூம்ல என்ன கசிஞ்சுச்சோ, குரலோ, பார்வையோ, நம்மள மாதிரி தலையோ.

இதுக்குத்தான் எங்க லேப்ல ஆர்.ஏ. பசங்களுக்கு யாருக்கு எந்த கண்டிஷன், அதாவது யார் எந்த குரூப்புன்னு தெரியவே தெரியாது, சில ஸ்டடில எதிர்பார்ப்பு என்னன்னே சொல்ல மாட்டோம். பாவம், பசங்க செமஸ்டர் பூரா எதுக்கு வேலை பாக்குறோம்னு தெரியாமலே கதவத் தட்டுவாங்க. கடைசி லேப் மீட்டிங்ல சொல்லும்போது அவங்க மூஞ்சியப் பாக்கணும். "இதுக்கா நான் நூறு தடவ பேனாவ கீழ போட்டேன்?"

பேனா போட்டது நடிக்கற பையன். கான்ஃபெடரேட்னு சொல்லுவோம், இன்னொரு பார்ட்டிசிபன்ட் மாதிரி வந்து உக்காரணும். ஒவ்வொரு தடவையும் அதே நாலு நிமிஷம் லேட்டா, அதே மூச்சிரைப்போட. ஸ்கிரிப்ட விட்டு நகர்றதுக்கு கை துறுதுறுன்னு வரும், அது மனுஷ இயல்பு. மில்கிராம் ஸ்டடி தெரியும்ல, 1961ல யேல் யுனிவர்சிட்டில, பக்கத்து ரூம்ல இருக்கறவர் தப்பா பதில் சொன்னா ஷாக் குடுன்னு சொன்னதுக்கு 40 பேர்ல 26 பேர் 450 வோல்ட் வரைக்கும் போனாங்களே, அதுல மில்கிராம் ரூமுக்குள்ள நிக்கல. சாம்பல் கோட்டு போட்டு நின்னது ஜான் வில்லியம்ஸ்னு ஒரு ஸ்கூல் பயாலஜி வாத்தியார், 31 வயசு. ஷாக் வாங்குற மாதிரி நடிச்சது ஜேம்ஸ் மெக்டனா, 47 வயசு அக்கவுண்டன்ட். மறுத்தா தொடரச் சொல்ல நாலே நாலு வாசகம், அத தாண்டியும் மறுத்தா நிறுத்தணும்ங்கறது விதி. பழைய ஒலிநாடாக்கள பின்னாடி கேட்டவங்க சொல்றது, வில்லியம்ஸ் அந்த நாலோட நிக்காம சொந்தமாவும் பேசி தள்ளியிருக்கார்னு. உலகமே மில்கிராம்னு பேசுற எண்ணுல அந்த வாத்தியாரோட வாய்க்கும் பங்கு இருக்கு. எனக்கு அவர் மேல கோவம் வரல, என் தலையாட்டல்தான் ஞாபகம் வந்துச்சு.

சரி அப்ப மனுஷங்கள ரூம்ல விடாம இருந்தா போதுமேன்னா, நெதர்லாந்துல டில்பர்க்ல டீடெரிக் ஸ்டாப்பல்னு ஒரு சோஷியல் சைக்காலஜி ப்ரொஃபசர் கிட்டத்தட்ட அதத்தான் பண்ணார். டேட்டாவ நானே ஏற்பாடு பண்றேன்னு சொல்லிட்டு பிஎச்டி பசங்களுக்கு ரெடியா கொண்டுவந்து குடுப்பார், வீட்ல உக்காந்து அவரே எழுதுன நம்பர். 2011ல மூணு இளம் ஆராய்ச்சியாளர்கள் தைரியமா மேல சொல்லித்தான் வெளிய வந்துச்சு, 50க்கு மேல பேப்பர் வாபஸ். அதனால நாலு குட்டி ரூம், தப்பு பண்ற பதினோரு பசங்க, அதுவே எனக்கு தேவலாம்.

எல்லாத்துலயும் கஷ்டம் டீபிரீஃபிங். பொய் சொல்லி நடத்துன ஸ்டடின்னா எத்திக்ஸ் போர்டு விதிப்படி முடிஞ்சதும் உண்மையச் சொல்லணும். நேத்து வர சிரிச்சிட்டு இருந்த ஆர்.ஏ. பொண்ணு ஒருத்தி, "உங்க கூட இருந்தவர் எங்க ஆளு"ன்னு சொன்னதும் பார்ட்டிசிபன்ட் ரொம்ப நேரம் ஒண்ணும் பேசாம இருந்துட்டு, "என்கூட ஃப்ரெண்ட் ஆகுறார்னு நினைச்சேன்"ன்னு சொல்லிட்டு பையத் தூக்கிட்டுப் போயிட்டாராம். அவ என் டேபிள்ல வந்து உக்காந்து அழுதா. டிஷ்யூ டப்பா பார்ட்டிசிபன்ட்டுக்குன்னு வாங்குனது, பாதி எங்களுக்குத்தான் தீருது. அந்த ஸ்டடி பேப்பரா வந்தா அவ பேர் அடிக்குறிப்புல, நன்றி வரிசைல, பதினொண்ணுல ஒண்ணா வரும். இதுல எனக்கு ஒப்புதல் இல்ல, மீட்டிங்ல ரெண்டு தடவ சொல்லிட்டேன், பாப்போம்னு சொல்லியிருக்காங்க.

நான் இப்ப ரூமுக்குள்ள போறதே கம்மி, போனாலும் கழுத்து சிமெண்ட் போட்ட மாதிரி நிக்கும், அவ்வளவு ப்ராக்டிஸ். போன ஞாயித்துக்கிழமை வீடியோ கால்ல அம்மா அரைமணிநேரம் அத்தை வீட்டு கிரகப்பிரவேசக் கதை சொல்லிட்டு திடீர்னு நிறுத்துனாங்க. "என்னடி, நான் பேசிக்கிட்டே இருக்கேன், ஒரு தலையாட்டல் கூட இல்ல. எம்மேல எதுவும் கோவமா?"