பின்சீட்டுக்காரி பார்த்த மலை

கிருஷ்ணகிரியில் யாரிடமாவது மலைக்குப் போகிறோம் என்று சொன்னால், ஏற்காடா ஊட்டியா என்றுதான் கேட்பார்கள். அஞ்செட்டி வழியாக ஒகேனக்கல், அப்புறம் வத்தல்மலை என்று சொன்னதும், "அங்க என்ன இருக்கு?" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. பெங்களூரு–சேலம் நெடுஞ்சாலையில் பறந்தே பழகியவர்களுக்கு அந்தச் சந்தேகம் வருவது நியாயம்தான்.

வண்டி ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 பைக். ஓட்டியது வீட்டுக்காரர். பைக் பயணம் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஓட்டுகிறவர்களாகவே இருக்கிறார்கள். அவர்கள் கண்ணில் படுவது குழி, சரளை, எதிரே வருகிற லாரி. ஊரைப் பார்ப்பது பின்சீட்டில் இருப்பவர்தான். அதனால் இந்தப் பயணத்தை நான் எழுதுகிறேன்.

முந்தின நாள் பின் டயரில் கொஞ்சம் கூடுதலாகக் காற்றடித்து, பின்பக்க ஷாக் அப்சார்பரை ஒரு படி இறுக்கினார். இரண்டு பேரும் மூட்டையுமாக மேடு ஏறும்போது எடையெல்லாம் பின்னால் போய் முன்சக்கரம் லேசாகிவிடும். அதனால் கனமான சாமான்களை ஓரப் பைகளில் கீழே போட்டு, பின்பக்கம் துணிமணி மட்டும் கட்டினோம். ஹெல்மெட்டுக்குள் கத்தினால் யாருக்கும் கேட்காது என்பதால் ஒரு ஏற்பாடு: தோளில் ஒரு தட்டு என்றால் மெதுவாக, இரண்டு தட்டு என்றால் நிறுத்த வேண்டும். வண்டி சாயும்போது அவரோடு சேர்ந்து சாய வேண்டியது என் பொறுப்பு. பயந்துபோய் எதிர்ப்பக்கம் நிமிர்ந்து உட்கார்ந்தால் கொண்டை ஊசி வளைவில் இரண்டு பேருக்கும் ஆபத்து.

மார்கழிக் கடைசி. ராயக்கோட்டை போய்ச் சேரும்போது பனி இன்னும் விலகவில்லை. 1791-ல் திப்பு சுல்தானிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்த மலைக்கோட்டை மேலே பாதி தெரிந்தும் தெரியாமலும் நின்றது. கீழே தக்காளிப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டு மண்டிக்கு வண்டிகள் வந்துகொண்டிருந்தன. அங்கே ஒரு டீ குடித்துவிட்டு கெலமங்கலம், தேன்கனிக்கோட்டை என்று போனோம். இந்தப் பக்கமெல்லாம் கிட்டத்தட்ட 3,000 அடி உயரத்து மேட்டுநிலம். டீக்கடையில் ஒரே பெஞ்சில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து ஓடும்.

கெலமங்கலம் தாண்டி ஒரு கிராமத்துச் சாலையில் கொள்ளுக்கொடி பரப்பிக் கிடந்தது. எங்கள் பக்கத்தில் இது வழக்கம். அறுத்த கொடியைச் சாலையில் போட்டுவிட்டால் போகிற வருகிற வண்டிகளே மிதித்துக் காயை உடைத்துவிடும். காருக்குக்கூட இது நல்லதில்லை, கொடி அடியில் சுற்றிச் சூடேறித் தீப்பிடித்த கதையெல்லாம் உண்டு. இரண்டு சக்கர வண்டிக்கோ கொடிக்கு அடியில் உதிர்ந்து கிடக்கிற கொள்ளு உருளும். பின்சக்கரம் ஒரு பக்கமாக நழுவியதும் நான் தட்டிய தட்டுக்குக் கணக்கே இல்லை. நிறுத்திப் பார்த்தால் செயினைச் சுற்றி ஒரு கற்றை. அவர் குனிந்து பிய்த்துக்கொண்டிருக்க, ஓரத்தில் முறத்தால் தூற்றிக்கொண்டிருந்த பாட்டி, "ஓரமா மண்ணுல வுட்டிருக்கலாமில்ல கண்ணு" என்று சொல்லிவிட்டு மறுபடி தூற்றப் போய்விட்டார். காற்றடிக்கிற பக்கத்துக்கு முதுகைக் காட்டி, முறத்தைத் தலைக்கு மேல் தூக்கி, மணிக்கட்டை மட்டும் லேசாக அசைக்கிறார். தவிட்டு நிறத்தில் கொள்ளு நேராகக் கீழே கொட்டுகிறது, சருகு இரண்டு முழம் தள்ளிப் போய் விழுகிறது. செயின் சுத்தமானதுகூடத் தெரியாமல் நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

தேன்கனிக்கோட்டை தாண்டியதும் காடு. மழை முடிந்து ராகி விளைகிற சமயத்தில் பன்னேருகட்டா பக்கமிருந்து யானைக்கூட்டங்கள் இங்கே இறங்கிவிடும். ஜவளகிரி, நொகனூர், மரகட்டா என்று மாதக்கணக்கில் சுற்றும். ராத்திரியெல்லாம் பரண்மேல் காவல் இருந்துதான் இங்கே ராகி வீடு வந்து சேர்கிறது. "யானை நின்னா தூரத்துலயே வண்டியத் திருப்பிக்குங்க சார். ஹாரன் அடிக்காதீங்க, போட்டோ எடுக்க எறங்காதீங்க" என்றார் வழியில் பார்த்த வனக்காவலர். யானையை நாங்கள் பார்க்கவில்லை. நடுரோட்டில் அதன் லத்தி மட்டும் கிடந்தது, குளிரில் ஆவி பறக்க. அதைப் பார்த்ததும் வீட்டுக்காரர் மூன்றாவது கியரிலிருந்து நான்காவதுக்குப் போனார். நான் தோளைத் தட்டவே இல்லை.

சைலன்சரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு இதே காட்டில் சத்தம் கிளப்பிக்கொண்டு போன பையன்களையும் பார்த்தோம். அவர்களை யானைதான் மன்னிக்க வேண்டும்.

அஞ்செட்டிக்கு இறங்குகிற பாதையும், அங்கிருந்து நாட்றாம்பாளையம் வழியாக ஒகேனக்கல் போகிற பாதையும்தான் இந்தப் பயணத்தின் உயிர். 2014-ல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் இந்தப் பக்கம்தான். வளைவுக்கு வளைவு மரம் மாறுகிறது. மேலே அடர்ந்த பச்சை, இறங்க இறங்க முள்ளும் மூங்கிலும். குளிரும் அப்படியே கழன்றுகொண்டே வந்தது. தேன்கனிக்கோட்டையில் ஸ்வெட்டருக்கு மேல் ஜாக்கெட் போட்டிருந்தவள், நாட்றாம்பாளையத்தில் இரண்டையும் கழற்றிப் பையில் திணித்தேன்.

ஒகேனக்கல்லைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். பரிசல், எண்ணெய்க் குளியல், அருவி எல்லாம் இருந்தது. எனக்குப் பிடித்தது மீன் சமையல்தான். மீனை நாமே வாங்கிக் கொடுத்தால் அங்கேயே அடுப்பு வைத்திருக்கிற அக்காக்கள் கழுவி, மசாலா தடவி, குழம்பும் வறுவலும் செய்து தருவார்கள். தங்கிய விடுதியில் சுடுதண்ணீர் வருமென்று சொன்னார்கள். வரவில்லை. காவிரியே பரவாயில்லை என்று காலையில் ஆற்றிலேயே குளித்துவிட்டுக் கிளம்பினோம்.

பென்னாகரம் மலைப்பாதை ஏறி, கொஞ்சம் சுற்று என்றாலும் பாப்பாரப்பட்டி வழியாகப் போனோம். சுப்பிரமணிய சிவா 1925-ல் இறந்த ஊர். சிறையில் தொழுநோய் தொற்றி, அதைக் காரணம் காட்டி ரயிலில் ஏறவும் தடை வந்த பிறகு, புண்பட்ட காலோடு ஊர் ஊராக நடந்து பேசிய மனிதர். நினைவிடத்தில் கொஞ்ச நேரம் இருந்தோம். குஷன் சீட்டில் இடுப்பு வலிக்கிறது என்று காலையிலிருந்து புலம்பிக்கொண்டிருந்த நான், அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை.

தர்மபுரியிலிருந்து வத்தல்மலை 25 கிலோமீட்டர் சுமார்தான். அடிவாரத்திலிருந்து இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகள். சில இடத்தில் முதல் கியரைத் தவிர வேறு வழியில்லை. மேலே போனால் சில்வர் ஓக் மரங்கள், அதில் ஏறிய மிளகுக்கொடி, நிழலில் காப்பிச் செடி, நடுவே கடுகும் சாமையும் விளைகிற துண்டு நிலங்கள். மலையாளி என்ற பழங்குடி மக்களின் ஊர்கள், கேரளத்து மலையாளிகள் இல்லை. பெரியூர் பக்கம் ஒரு வீட்டு வாசலில் காப்பிப் பழம் காய்ந்துகொண்டிருந்தது. சிவப்புப் பழம் காய்ந்து கறுத்து, காலால் தள்ளினால் கடகடவென்று சத்தம் கேட்கிறது. வீட்டம்மாவிடம் அரைக் கிலோ தூள் கிடைக்குமா என்று கேட்டேன்.

"தூளு ஏதும்மா? கொட்டையாத்தான் வித்துருவோம். நாங்க டீதான் குடிக்கிறது" என்று சிரித்தார்.

எங்களுக்கும் டீயே வந்தது. மிளகு கால் கிலோ வாங்கினோம். இதற்குமேல் இங்கே சுற்றிப்பார்க்க இடம் என்று பட்டியல் போட ஒன்றுமில்லை. படகுக் குழாம், பூங்கா என்று தேடுகிறவர்கள் ஏற்காட்டுக்கே போகலாம்.

இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பக் கூடாது. ஏறிய கியரிலேயே இறங்கினால் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். எங்களுக்கு முன்னால் போன காரிலிருந்து பிரேக் தீய்கிற வாடை அடிவாரம்வரை வந்தது. கீழே வந்ததும் அவர் வண்டியை ஓரங்கட்டி சாவியை என்னிடம் நீட்டினார்.

"கொஞ்ச தூரம் நீ ஓட்டு. நானும் வேடிக்கை பாக்கறேன்."

தர்மபுரிவரை நான் ஓட்டினேன். பின்னாலிருந்து தோளில் தட்டு மேல் தட்டு. "அங்க பாரு மயிலு... அந்தப் பாறை மேல ஆடு எப்படி நிக்குது பாரு... ஐயோ, போயிடுச்சே!" எனக்குத் தெரிந்ததெல்லாம் முன்னால் கரும்பு ஏற்றிக்கொண்டு ஆடி ஆடிப் போன டிராக்டரின் பின்பக்கம்தான்.