கனமான அம்பு முனைக்கு எந்தத் தண்டு? மூன்று மாதம் எய்து பார்த்ததில்

என் வில் 40 பவுண்டு ரிகர்வ் (நுனிகள் எதிர்ப்பக்கம் வளைந்த வில்), 28 அங்குலம் இழுக்கும்போது விரலில் அந்த எடை நிற்கும். இரண்டு வருடமாக 100 கிரெய்ன் முனை போட்ட 500 ஸ்பைன் (தண்டு எவ்வளவு வளையும் என்பதன் எண்) கார்பன் அம்புதான் எனக்கு, குறை ஒன்றும் இல்லை. ஆனால் மரங்களுக்கு நடுவே நுரையில் செய்த பன்றி, மான் பொம்மைகளைக் குறி வைக்கும் இடத்தில் கனமுனை போட்டவர்களின் அம்பைப் பார்த்ததும் ஆசை வந்துவிட்டது. வில்லில் சத்தம் குறைவு, அம்பின் வால் ஆட்டம் சீக்கிரம் அடங்குகிறது, குத்தினால் ஆழமாக நிற்கிறது. சரி என்று 200 கிரெய்ன் முனை ஆறு வாங்கினேன். ஒரு கிரெய்ன் 0.065 கிராம், ஆக ஒரு முனை 13 கிராம். துப்பாக்கிக்காரர்கள் குண்டையும் மருந்தையும் நிறுக்கிற அதே கிரெய்ன்தான் இது.

பழைய தண்டிலேயே புது முனையைப் போட்டுச் கோலாலம்பூரில் செராஸ் பக்கம் உள்ள மைதானத்துக்குப் போனேன். 18 மீட்டரில் இறகு ஒட்டிய அம்பு மூன்று, இறகே இல்லாத அம்பு இரண்டு. இறகுள்ளவை சுமாராக நடுவில் விழுந்தன. இறகில்லாத இரண்டும் ஒரு முழத்துக்கு மேல் வலது பக்கம் போய், வால் ஒரு பக்கம் சாய்ந்தபடி குத்தி நின்றன. நான் வலக்கைக்காரன், என் போன்றவர்களுக்கு இறகில்லாத அம்பு வலது பக்கம் போனால் தண்டு தொளதொள என்று இருக்கிறது என்று அர்த்தம், இடது பக்கம் போனால் விறைப்பு அதிகம். இறகு இருந்தால் அது அம்பைத் திருத்தி விடும், தப்பை மறைத்தும் விடும், அதனால்தான் இறகைக் கழற்றிப் பார்க்கிறோம்.

அங்கே வழக்கமாக வரும் அண்ணன் ஒருவர் அம்பைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, "முனையை மட்டும் மாத்தினா எப்படி தம்பி? தலையில மூட்டையை வச்சிட்டு இடுப்பு தாங்கலைன்னா யாரைக் குறை சொல்றது?" என்றார். எனக்கு விஷயம் முழுதாகப் புரிந்தது அப்போதுதான். நாண் பின்னாலிருந்து தள்ளுகிறது, கனமான முனை முன்னால் நகர மறுக்கிறது, நடுவில் உள்ள தண்டு வளைகிறது. முனை கனக்கக் கனக்க வளைவு கூடும், தண்டு நீளமானாலும் கூடும்.

வீட்டுக்கு வந்து தண்டை அளந்தே பார்த்தேன். ஸ்பைன் எண்ணுக்குக் கணக்கு எளிது: 28 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கி, நடுவில் 880 கிராம் எடை, தண்டு எவ்வளவு தொங்குகிறது என்பதே எண். அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர் தொங்கினால் 500. எண் சின்னதானால் தண்டு விறைப்பு. செந்தூல் வீட்டில் இரண்டு நாற்காலியை நிறுத்தி, சமையலறைத் தராசில் 880 கிராம் வரும்வரை தண்ணீர்ப் பாட்டிலை நிரப்பித் தொங்கவிட்டேன். ஒரே பெட்டியில் வந்த பன்னிரண்டு தண்டும் ஒன்றுபோல இல்லை, 12.5 முதல் 13.3 வரை. அதே தண்டைச் சுழற்றி வைத்தாலும் கொஞ்சம் மாறுகிறது. அன்றிலிருந்து விறைப்பான பக்கத்தில் பென்சிலால் புள்ளி வைத்து, நாக்கை, அதாவது நாணில் மாட்டும் வால் பக்கக் கவ்வியை, அதற்கேற்பத் திருப்பிப் போடுகிறேன்.

அடுத்து 400 ஸ்பைன் தண்டு ஒரு டஜன், முழு நீளம் 32 அங்குலம். 200 கிரெய்ன் முனையோடு எய்ததும் இறகில்லாத அம்பு இன்னும் வலது பக்கம்தான், ஆனால் ஒரு சாண் அளவுக்கு வந்துவிட்டது. இனி வெட்ட வேண்டியதுதான். ஒரே தண்டில் ஒரு தடவைக்குக் கால் அங்குலம் மட்டும், வெட்டி, எய்து, மறுபடி வெட்டி. அவசரப்பட்டு அதிகம் வெட்டினால் ஒட்ட வைக்க வழியில்லை. இரும்பு ரம்பம் வேண்டாம், இழை பிரிந்துவிடும். வேகமாகச் சுழன்று அரைத்து வெட்டும் வட்டில் வெட்டுங்கள், முகமூடி கட்டாயம், கார்பன் தூள் நுரையீரலுக்குப் போகக் கூடாது.

இங்கே ஒரு தண்டை நான் கெடுத்தேன். முனையைக் கழற்றத் தீப்பெட்டி அளவுள்ள கேஸ் டார்ச்சைத் தண்டின் மேலேயே காட்டிவிட்டேன். பசை இளகியது, கூடவே கார்பனைப் பிடித்து வைத்திருக்கும் பிசினும் வெந்து, அந்த இடத்தை வளைத்தபோது முறுமுறு என்று சத்தம் கேட்டது. அந்தத் தண்டு குப்பைக்குப் போனது. இப்போது கொதிக்கும் தண்ணீரில் முனையை மட்டும் முக்கி எடுக்கிறேன், அரை நிமிடத்தில் வந்துவிடுகிறது. எய்வதற்கு முன் ஒவ்வொரு கார்பன் அம்பையும் லேசாக வளைத்துக் காது கொடுத்துக் கேளுங்கள், சத்தம் வந்தால் நாணில் ஏற்றவே கூடாது. வில்லிலேயே உடைந்தால் சிம்பு கைக்குள் போகும்.

31.25 அங்குலத்தில் நிறுத்தினேன். இறகில்லாத அம்பு இறகுள்ளதற்குப் பக்கத்தில், நான்கு விரல் இடைவெளியில். முன்பு முழு அம்பு 354 கிரெய்ன், இப்போது 494. சமநிலைப் புள்ளி நாக்கிலிருந்து 55.7 சென்டிமீட்டரில் நிற்கிறது, நடுவிலிருந்து நீளத்தில் 20 சதவீதம் முன்னால். பழைய அம்பில் அது 14 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே. இந்த எண்ணைவிட வில்லின் சத்தம்தான் எனக்குச் சந்தோஷம்: முன்பு டங்கென்று அதிரும் கைப்பிடி இப்போது தப்பென்று அடங்குகிறது, ஏனென்றால் வில்லில் மிஞ்சி அதிரும் சக்தி கனமான அம்போடு போய்விடுகிறது.

இதற்கு விலையும் உண்டு. 30 மீட்டரில் அம்பு முன்பைவிட ஒன்றேகால் அடி கீழே விழுகிறது. தூரத்தைக் கணிப்பதில் இரண்டு மீட்டர் பிசகினாலும் பன்றியின் வயிற்றுக்குக் கீழே புல்லில்தான் தேட வேண்டும். இருபது மீட்டருக்குள் எய்பவருக்கு நான் தயங்காமல் கனமுனை சொல்வேன். 50, 70 மீட்டர் வட்டப் பலகைக்கு எய்பவர் பழைய அம்பிலேயே இருக்கட்டும்.

கடந்த சனிக்கிழமை நான்கு மணிக்கு வழக்கம்போல மழை பிடித்துக்கொண்டது. இறகெல்லாம் நனைந்து தண்டோடு ஒட்டிக்கொள்ள, அம்பு தாறுமாறாகப் போக ஆரம்பித்ததும் மூட்டை கட்டினோம். மிச்சத் தண்டுகளையும் 31.25க்கு வெட்டியாகிவிட்டது. பாதிக்கு இறகு, பாதிக்குப் பிளாஸ்டிக் இலை ஒட்டப் போகிறேன், அடுத்த மழையில் இரண்டையும் சேர்த்து எய்து பார்க்க வேண்டும்.