எண்ணெயை நிறுத்திவிட்டேன், மேடம்

அரசு மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவில் உணவியல் ஆலோசகராக இருக்கிறேன். ஸ்கேன் அறிக்கையில் 'ஃபேட்டி லிவர், கிரேடு 1', அதாவது கல்லீரலில் கொழுப்பு சேர்ந்திருக்கிறது, முதல் நிலை என்று வந்தவர்களை டாக்டர் என்னிடம் அனுப்புவார். நாற்காலியில் உட்காரும்போதே பலரும் சொல்வது இதுதான்: "எண்ணெய், முட்டை, கறி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன், மேடம்." அப்படியும் எடை குறைந்திருக்காது.

அண்மையில் தையல் கடைக்காரர் ஒருவர் மனைவியோடு வந்தார். மதுவைத் தொட்டதே இல்லை என்று மூன்று முறை சொன்னார். அந்த அம்மாவுக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. குடிக்காதவருக்கும் இது வரும் என்பதை முதலில் அவருக்குத்தான் சொன்னேன். பிறகு கணவரைக் கேட்டேன்: "காலையில் எழுந்தது முதல் என்னென்ன சாப்பிடுகிறீர்கள், அண்ணே?" எழுந்ததும் டீ, கடை திறந்ததும் டீ, வாடிக்கையாளர் வந்தால் டீ என்று ஆறு டீ வந்தது. இட்லி, மதியம் தட்டு நிறையச் சோறு, கடையை அடைத்துவிட்டு இரவு பத்து மணிக்குத் தோசை. பருப்பு என்றால் சாம்பாரில் மிதப்பதுதான். என் மேஜையில் சர்க்கரை டப்பாவும் ஸ்பூனும் எப்போதும் இருக்கும். டீக்கு இரண்டு ஸ்பூன் வீதம் அவரையே ஒரு டம்ளரில் அள்ளிப் போடச் சொன்னேன். ஏறக்குறைய 60 கிராம். "ஒரே நாளைக்கா?" என்று டம்ளரைக் கையில் வாங்கிப் பார்த்தார் மனைவி.

அந்தச் சர்க்கரையில் பாதி குளுக்கோஸ், பாதி ஃப்ரக்டோஸ். குளுக்கோஸை உடம்பு முழுவதும் பங்கு போட்டுக்கொள்ளும். ஃப்ரக்டோஸ் பெரும்பாலும் கல்லீரலின் தலையில்தான் விழுகிறது. மிஞ்சியதை அது அங்கேயே கொழுப்பாக மாற்றுகிறது. உட்கார்ந்தே வேலை செய்பவருக்குச் சோறும் தோசையும் மிஞ்சினாலும் அதே கதைதான். தொப்பை போட்டு, இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்பில், ஏற்கெனவே சேர்ந்த கொழுப்பும் கரைந்து கல்லீரலுக்கே வந்து சேர்கிறது. வெள்ளைச் சர்க்கரையை விட்டுவிட்டு நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் என்று மாறியவர்களும் வருகிறார்கள். கல்லீரலுக்கு அதனால் பெரிய வித்தியாசம் இல்லை. வடிகட்டிய பழச்சாறும் அப்படித்தான். பழத்தைக் கடித்துச் சாப்பிடுங்கள் என்கிறேன்.

மனதுக்குத் தெம்பு தரும் செய்தியும் உண்டு. 80 கிலோ எடையுள்ளவர் நான்கு கிலோ குறைத்தாலே கல்லீரல் கொழுப்பு குறையத் தொடங்கும். ஏழெட்டு கிலோ குறைந்தால் பலருக்குக் கல்லீரல் வீக்கமும் தணியும். ஆனால் வாரத்துக்கு அரை கிலோ, மிஞ்சினால் ஒரு கிலோ போதும். பட்டினி கிடந்து மளமளவென்று இளைப்பது கல்லீரலுக்கே கெடுதலாக முடியலாம். கிரேடு 1 தானே என்று அலட்சியமாக இருப்பதும் தவறு. அந்த எண் கொழுப்பின் அளவைச் சொல்லுமே தவிர, கல்லீரலில் தழும்பு விழுந்திருக்கிறதா என்பதைச் சொல்லாது. அதற்குத் தனிப் பரிசோதனை வேண்டும். சர்க்கரை நோயாளிகள் டாக்டரிடம் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

எனக்குக் கோபம் வருவது சில உணவு அட்டவணைகளைப் பார்க்கும்போதுதான். ஓட்ஸ், ஆலிவ் எண்ணெய், அவகாடோ! என்னிடம் வருகிறவர்கள் வீட்டில் ரேஷன் அரிசி இலவசமாகக் கிடைக்கிறது. துவரம் பருப்பு அட்டைக்கு ஒரு கிலோதான். தட்டில் சோறு குவிவதற்கு அவர்கள் நாக்கு மட்டுமா காரணம்? எனவே நான் எழுதித் தருவது அவித்த நிலக்கடலை, கொள்ளு, காராமணி, முருங்கைக்கீரை, மத்தி மீன், முட்டை. சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து அந்த இடத்தில் சுண்டலோ பொரியலோ வையுங்கள், இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடியுங்கள் என்கிறேன். தையல்காரர் டீயை இரண்டாகக் குறைக்க ஒப்புக்கொண்டார். சர்க்கரை இல்லாமல் குடிப்பது பற்றி யோசிப்பதாகச் சொன்னார்.

மத்திய அரசின் தொற்றா நோய்த் திட்டத்தில் கொழுப்புக் கல்லீரல் 2021-லேயே சேர்க்கப்பட்டுவிட்டது. அதே ஆண்டு தமிழகத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளர்கள் ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளோடு வீடு வீடாகப் போகிறார்கள். அவர்கள் பையில் ஓர் இஞ்ச் டேப்பும் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டு வருகிறேன். ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் இடுப்பளவைத் தாண்டியவர்களை அங்கேயே குறித்துக்கொண்டால், ஸ்கேன் வரை காத்திருக்காமல் அந்த வீட்டு அடுப்படியிலேயே பேச்சைத் தொடங்கிவிடலாம்.