ஜீலாங்கின் ஐந்தாம் எண்

மெல்போர்னுக்குச் சுற்றுலா போகிறவர்கள் கிரேட் ஓஷன் ரோட்டைப் பார்க்கும் அவசரத்தில் ஜீலாங்கை பைபாஸிலேயே தாண்டிவிடுவார்கள். நான் ஒரு சனிக்கிழமையை முழுசாக அந்த ஊருக்கு ஒதுக்கியதற்குக் காரணம் மெல்போர்ன் புறநகரான டார்னீட்டில் இருக்கும் என் சித்தப்பா மகன். அவனோடு வேலை பார்க்கும் ஒரு பெண் ஜீலாங் கேட்ஸ் என்ற ஆஸ்திரேலியக் கால்பந்து அணியின் பரம ரசிகை. அவர்கள் குடும்பத்து மெம்பர்ஷிப் சீட்டில் இரண்டு அன்றைக்குக் காலி. "ஆட்டம் புரியலேன்னா பரவாயில்லை, பக்கத்துல எங்க அப்பா உட்கார்ந்திருப்பார், அவர் பேச்சைக் கேட்டாலே போதும்" என்று சொல்லி அனுப்பியிருந்தாராம்.

டார்னீட்டில் வி-லைன் ரயில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் வீடுகள் தீர்ந்து வெட்டவெளி வந்துவிடுகிறது. வலப்பக்கம் யூ யாங்ஸ் குன்றுகள், ஜீலாங்கை நெருங்கும்போது பழைய ஃபோர்டு தொழிற்சாலை. பெட்டி முழுக்கக் கருநீலமும் வெள்ளையும் பட்டை போட்ட ஸ்கார்ஃப். சவுத் ஜீலாங்கில் இறங்கினால் வழி கேட்கவே வேண்டாம், கூட்டமே தள்ளிக்கொண்டு போய் கார்டினியா பார்க் மைதான வாசலில் விட்டுவிடும்.

ஆட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. இது நம்ம கால்பந்து அல்ல, ரக்பியும் அல்ல. நீள்வட்ட மைதானம், பக்கத்துக்கு 18 பேர், முட்டை வடிவப் பந்து, நான்கு கால் பகுதி ஆட்டம். இரண்டு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடுக் கம்பங்களுக்கு இடையில் உதைத்தால் கோல், 6 புள்ளி. நடுக் கம்பத்துக்கும் ஓரக் கம்பத்துக்கும் இடையில் போனால் 1 புள்ளி. குறைந்தது 15 மீட்டர் தூரம் உதைக்கப்பட்ட பந்தைக் கீழே விடாமல் பிடித்துவிட்டால் அது 'மார்க்'. பிடித்தவர் நிதானமாக நின்று உதைக்கலாம், யாரும் மேலே விழக் கூடாது. அடுத்தவன் தோளிலும் முதுகிலும் முட்டி போட்டு ஏறி, ஆகாயத்தில் பிடிக்கிற மார்க்குக்குத்தான் இந்த ஊர் ஜனம் உயிரை விடுகிறது. ஆஃப்சைடு கிடையாது. மற்ற விதிகளை மூன்றாவது கால் பகுதியில் கற்றுக்கொண்டேன்: சுற்றியிருப்பவர்கள் "பாாாால்!" என்று கத்தும்போது நாமும் கத்த வேண்டும், அவ்வளவுதான்.

அந்தப் பெண்ணின் அப்பா, பெரியவர், எழுபதைத் தாண்டியவர், ஃபோர்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் போட்டிருந்த கோட்டுதான் முதலில் கண்ணில் பட்டது. எண்பதுகளில் இங்கே ரசிகர்கள் போட்டுக்கொண்டு வந்த கனமான கம்பளிக் கோட்டு, மரப் பொத்தான் வைத்தது. முதுகில் தனக்குப் பிடித்த வீரனின் எண்ணைத் தைத்துக்கொள்வார்கள். இவர் கோட்டில் 29 இருந்தது. ஆனால் அதைச் சுற்றி வேறொரு எண்ணின் ஓரம் தெரிந்தது. நூல் பிரித்த இடத்தில் ஊசித் துளைகள் வரிசையாக, அந்த இடத்துத் துணி மட்டும் வெளுக்காமல் புதுசு போல. விரலால் தடவினால் தெரியும் அளவுக்குப் பெரிய 5.

"அது கேரி ஏப்லெட். அப்பன். இது மகன்" என்றார் பெரியவர். அவ்வளவு சொல்லிவிட்டு மைதானத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். மீதியைச் சொல்ல வேறு ஆள் இருக்கிறார்கள் என்பதுபோல.

கேரி ஏப்லெட் சீனியரின் எண்களை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். 1961-ல் பிறந்தவர், விக்டோரியாவின் ட்ரூயின் ஊர்க்காரர். 1982-ல் ஹாதார்ன் அணிக்கு 6 ஆட்டம் ஆடினார். நகரம் ஒட்டவில்லை, மலையடிவார ஊரான மிர்ட்டில்ஃபோர்டுக்குப் போய் உள்ளூர் லீக்கில் ஆடிக்கொண்டிருந்தார். 1984-ல் ஜீலாங் கூப்பிட்டது. அந்த வருஷமே கிளப்பின் சிறந்த வீரர் விருது. 1996 வரை ஜீலாங்குக்கு 242 ஆட்டங்கள், ஆயிரத்துக்கு மேல் கோல். 1993, 1994, 1995 மூன்று சீசனிலும் நூறைத் தாண்டி கோல், இறுதிக் கட்ட ஆட்டங்களைச் சேர்க்காமல் எண்ணினால் மூன்று முறையும் லீக்கிலேயே அதிகம். ரசிகர்கள் வைத்த பட்டப்பெயர் கடவுள். கேலியாக அல்ல, சும்மா பேச்சுவாக்கிலேயே அப்படித்தான்.

இதையெல்லாம் பெரியவர் சொல்லவில்லை, போனில் பார்த்தாலே கிடைக்கும் என்று அவருக்குத் தெரியும். அவர் சொன்னது 1989 கிராண்ட் ஃபைனல், அந்த சீசனின் கோப்பைக்கான இறுதிப் போட்டி. முதல் கால் முடிவில் ஹாதார்ன் 40 புள்ளி முன்னிலை. ஆட்டம் தொடங்கிய கணத்திலேயே ஜீலாங்கின் மார்க் யேட்ஸ், ஹாதார்னின் டெர்மட் பிரெரட்டனை மோதிச் சாய்த்திருந்தார். பிரெரட்டன் வாந்தி எடுத்தபடியே எழுந்து நின்று ஆடினார். அதே அணியின் டிப்பியர்டோமெனிகோ நுரையீரல் கிழிந்து ஆடினார். போர்க்களம் மாதிரி ஒரு ஆட்டம். அதன் நடுவே ஏப்லெட் மட்டும் வேறு ஏதோ ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தார் என்கிறார் பெரியவர். எல்லைக் கோட்டிலிருந்து நடுவர் பந்தை உள்ளே எறிகிறார், இரண்டு பக்கத்து நெட்டையர்களும் தட்ட எழும்புகிறார்கள், இடையில் புகுந்து அதைப் பறித்து, திரும்பிய வேகத்திலேயே உதைக்கிறார், கோல். பெரியவர் இருக்கையில் உட்கார்ந்தபடியே அந்தத் தோள் திருப்பலைச் செய்து காட்டினார். முன் வரிசைப் பையனின் சிப்ஸ் பொட்டலம் பறந்தது.

ஒன்பது கோல். கிராண்ட் ஃபைனலில் அது 1928-ல் கார்டன் கவென்ட்ரி அடித்ததற்குச் சமம். ஆட்ட நாயகனுக்கான நார்ம் ஸ்மித் பதக்கம் அவருக்கு. கோப்பை ஹாதார்னுக்கு, 144-க்கு 138. அப்புறம் 1992-ல் தோல்வி, 1994-ல் தோல்வி, 1995-ல் கார்ல்டனிடம் 61 புள்ளியில் தோல்வி, அன்றைக்கு ஸ்டீபன் சில்வாக்னி அவரை ஒரு கோல்கூட அடிக்க விடவில்லை. கடவுள் என்று பெயர் வைத்த ஆள் இருந்தும் ஒரு கோப்பைகூட வரவில்லை. நான்கு தோல்வியையும் பெரியவர் ஒன்றுவிடாமல் சொன்னார். ஜெயித்த ஆட்டங்களைச் சொல்லும்போதுதான் வருஷம் குழம்பியது.

அந்த ஊருக்கு அப்போது தோல்வி மைதானத்தில் மட்டும் இல்லை. 1990-ல் ஜீலாங்கைத் தலைமையிடமாகக் கொண்ட பிரமிட் பில்டிங் சொசைட்டி திவாலானது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் சேமிப்பு அதில் மாட்டியது. அந்தப் பணத்தைத் திருப்பித் தர மாநில அரசு பெட்ரோலுக்கு லிட்டருக்கு 3 சென்ட் கூடுதல் வரி போட்டது. "எங்க வீட்டு முன்பணமும் அதுலதான் இருந்தது" என்று பெரியவரின் மனைவி முதல்முறையாக வாய் திறந்தார். அதுவரை மடியில் பிளாஸ்க்கும் குறுக்கெழுத்தும் வைத்துக்கொண்டு ஆட்டத்தை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தவர். "அந்த வருஷமெல்லாம் சனிக்கிழமை ஒண்ணுதான் எங்களுக்கு மிச்சம். அடுத்த வருஷ ஆரம்பத்துல அவரும் ஓய்வுன்னு அறிவிச்சுட்டார். இந்த மனுஷன் சாப்பிடல." ஏப்லெட் அந்த சீசன் பாதியிலேயே திரும்பி வந்தார். இந்த மனுஷனும் சாப்பிட்டிருக்க வேண்டும்.

இடைவேளையில் சிப்ஸ் வாங்கி வந்தோம். அதன் மேல் தூவுகிற சிக்கன் சால்ட் என்ற மஞ்சள் உப்பில் பெரும்பாலும் கோழியே இருக்காது என்று தெரிந்ததும் எனக்கு அந்த நாட்டின் மேல் மரியாதை கூடிவிட்டது. வரிசையில் நிற்கும்போது பெரியவரின் மகளிடம் கோட்டைப் பற்றிக் கேட்டேன். அந்த 5-ஐ யார் பிரித்தது?

"அம்மா. 2000-ல."

2000 பிப்ரவரியில் மெல்போர்ன் ஹோட்டல் அறை ஒன்றில், ஏப்லெட்டோடு இருந்த 20 வயதுப் பெண் போதைப்பொருளால் நினைவிழந்து, பிறகு இறந்துபோனாள். ஏப்லெட் அப்போது ஆட்டத்தை விட்டு மூன்று நான்கு வருஷம் ஆகியிருந்தது. 2003-ல் போதைப்பொருள் வைத்திருந்தது, பயன்படுத்தியது என்ற குற்றச்சாட்டுகளை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். 1500 டாலர் அபராதம். ஆஸ்திரேலியக் கால்பந்தின் ஹால் ஆஃப் ஃபேமில் அவரைச் சேர்க்கலாமா கூடாதா என்று வருஷக்கணக்கில் இழுத்து, கடைசியில் 2005-ல் சேர்த்தார்கள்.

"எனக்கும் அப்போ கிட்டத்தட்ட அந்த வயசுதான்" என்றார் மகள். "என் ரூம் சுவர்ல அவர் போஸ்டர் இருந்தது. செய்தி வந்த அன்னிக்கு அப்பா டிவியை அணைச்சுட்டு ஷெட்டுக்குப் போயிட்டார். அம்மா கத்தரிக்கோலை எடுத்துட்டு உட்கார்ந்தாங்க. ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கல."

இருக்கைக்குத் திரும்பியதும் அம்மாவிடமே கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்று நினைப்பதற்குள் அவர் பதில் சொல்லிவிட்டார், ரொம்பச் சாதாரணமாக. "அவர் கெட்டவர்னு நான் பிரிக்கல. அந்தப் பொண்ணு அவரோட ரசிகை. நம்ம கூட்டத்துல ஒருத்தி. அவரைப் பத்திப் பேசுறப்ப எல்லாரும் கோலை எண்ணுறாங்க, அவளை யாரும் எண்ணுறதில்லை." பெரியவர் மறுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "கோல் அடிச்சது பொய்யாயிடுமா?" என்று மட்டும் கேட்டார். அவர் மனைவியைக் கேட்டாரா, என்னைக் கேட்டாரா தெரியவில்லை. அம்மா பிளாஸ்க்கிலிருந்து அவருக்கு டீ ஊற்றிக் கொடுத்தார். இருபத்தைந்து வருஷமாக இதே இடத்தில்தான் இந்தப் பேச்சு நிற்கிறது போல.

என்னைக் கேட்டால் அம்மா பக்கம்தான். ஒருவரைக் கடவுள் என்று கூப்பிட ஆரம்பித்தபின் அவர் பக்கத்தில் நிற்கிறவர்கள் எல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் போகிறார்கள். நடிகருக்கும் கிரிக்கெட்காரருக்கும் பாலாபிஷேகம் செய்யும் ஊரிலிருந்து வந்தவனுக்கு இதைத் தனியாக யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பெரியவரின் தோள் திருப்பலைப் பார்த்த பிறகு, அதையும் மறந்துவிடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இந்த மைதானத்திலும் அப்படி ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. வடக்குப் பக்கத்தில் முன்பு ஏப்லெட் பெயரில் ஒரு டெரஸ், அதாவது பார்வையாளர் பகுதி, இருந்தது. புது ஸ்டாண்ட் கட்டுவதற்காக அதை இடித்துவிட்டார்கள், அரங்கத்தில் இப்போது 40,000 பேர் உட்காரலாம். புதுசுக்கு ஜோயல் செல்வுட் பெயர். 355 ஆட்டம் ஆடி, 2022-ல் கேப்டனாகக் கோப்பையைத் தூக்கிவிட்டு அத்தோடு ஓய்வு பெற்றவர். அவர் தலையில் கட்டோடு ஆடிய படங்களைப் பார்த்தால் ரத்தம் சிந்துவதையே ஒரு வேலையாக வைத்திருந்தார் போலிருக்கிறது. இடம் போதாமல் இடித்தார்களே தவிர அதில் வேறு கணக்கு எதுவும் இல்லை. இருந்தாலும் அம்மா அந்த ஸ்டாண்டைக் காட்டி, "அது நல்ல பேர்" என்றார்.

மகன் கதை சுருக்கம். கேரி ஏப்லெட் ஜூனியர் 29-ஆம் எண்ணில் ஆடினார். 2007-ல் ஜீலாங் 44 வருஷம் கழித்துக் கோப்பையை வாங்கியது, போர்ட் அடிலெய்டை 119 புள்ளியில் அடித்து. கிராண்ட் ஃபைனல் வரலாற்றில் அதைவிடப் பெரிய வித்தியாசம் கிடையாது. அந்த அணியில் தம்பி நேதனும் இருந்தார். அப்பனால் முடியாததைப் பிள்ளைகள் இரண்டு பேரும் சேர்ந்து முடித்தார்கள். கோட்டில் 29-ஐத் தைத்ததும் அம்மாதான். ஜூனியர் பிறகு கோல்ட் கோஸ்ட் அணிக்குப் போனபோது அதைப் பிரிக்கவில்லை. "இது சம்பளத்துக்காகப் போனது, அதுக்கெல்லாம் பிரிக்க முடியுமா?"

அன்றைய ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மூன்றாவது காலிலேயே ஜீலாங் கையில் வந்துவிட்டது, நான்காவதில் எதிரணி ரசிகர்கள் கார் நிறுத்தத்துக்குக் கிளம்பிவிட்டார்கள். கடற்காற்று வேறு. ஜூலையில் போகிறவர்கள் மெல்போர்ன் குளிருக்குப் போட்டதற்கு மேல் இன்னொன்றைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆட்டம் முடிந்து மூராபூல் தெருவில் ஒரு பப்புக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே மருமகன் காத்திருந்தார். காலிங்வுட் ரசிகர். கல்யாணமான நாளிலிருந்து மாமனாரோடு கார்டினியா பார்க்குக்குள் கால் வைத்ததில்லை, வைக்கவும் மாட்டாராம். உட்கார்ந்த உடனே பெரியவர் போனை நீட்டச் சொன்னார். 1994, மெல்போர்ன் கிரிக்கெட் மைதானம், ஏழாவது சுற்று, ஜீலாங்குக்கும் காலிங்வுட்டுக்கும் ஆட்டம். காலிங்வுட்டின் கேரி பெர்ட் முதுகுக்கு மேலே ஏப்லெட் எழும்புகிறார், ஒற்றைக் கையால் பந்தைப் பிடிக்கிறார், உடம்பு மொத்தமும் ஆகாயத்தில் கிடையாகச் சாய்ந்து விழுகிறது. அந்த வருஷத்தின் சிறந்த மார்க். நூற்றாண்டின் சிறந்தது என்றே சொல்கிறவர்கள் உண்டு.

"நிறுத்து, நிறுத்து. இங்க பாருங்க" என்று மருமகன் என்னை இழுத்தார். விழுந்த இடத்தில் பந்து கையை விட்டு நழுவுகிறது. "இது மார்க்கா? எங்கேயாவது பிடிச்சுக்கிட்டு இருக்காரா?"

"நடுவர் விசில் ஊதிட்டார்" என்றார் பெரியவர்.

"நடுவர் ஊதினா பிடிச்சதா ஆயிடுமா?"

வீடியோவைப் பின்னால் தள்ளி, முன்னால் தள்ளி, பெரிசாக்கி, எல்லாம் பார்த்தாயிற்று. என் தம்பி வெளியூர்க்காரன் என்ற தகுதியில் தீர்ப்புச் சொல்லப் பணிக்கப்பட்டான். இவன் புத்திசாலித்தனமாகக் கழிப்பறைக்கு எழுந்து போய்விட்டான். கடைசியில் காலி கிளாஸ் எடுக்க வந்த பணியாளரிடம் போனைக் காட்டினார்கள். அவர் சட்டையில் ஜீலாங் பேட்ஜ் குத்தியிருந்ததை மருமகன் கவனிக்கவில்லை. "மார்க்" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் மேஜை அதிர்ந்தது. தோற்றவர் அடுத்த சுற்றுக்குக் காசு கொடுக்க வேண்டும் என்பது ஏற்கெனவே பேசி வைத்தது. மருமகன் முணுமுணுத்துக்கொண்டே கவுன்டருக்குப் போனார். அம்மா அவரைக் கூப்பிட்டு, "எனக்கு வேண்டாம், யாராவது ஒருத்தர் கார் ஓட்டணும்" என்றார். எனக்கு லெமன் லைம் பிட்டர்ஸ் என்ற எலுமிச்சைப் பானம் வந்தது.