கம்பளித் துணியும் குன்னூர் ஈரமும்: இதுவரை செய்து பார்த்தது

குன்னூரில் ஸ்வெட்டர் பருவகால உடுப்பு கிடையாது. மே மாதத்துச் சாயங்காலத்திலும் தோளில் ஒன்று கிடக்கும். அத்தனை முறை போட்டால் அழுக்காகத்தானே செய்யும்? ஒவ்வொன்றையும் டிரை க்ளீனிங் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. அதனால் இந்த வருஷம் வீட்டிலுள்ள கம்பளித் துணி அத்தனையையும் நானே துவைப்பது என்று இறங்கினேன். துவைப்பது சுலபம், காய வைப்பதுதான் பெரும்பாடு என்பது இப்போதைய என் கட்சி.

பிப்ரவரி: எது கம்பளி, எது இல்லை

பெட்டியில் லேபிள் இல்லாதவை நிறைய. தையலின் உள்பக்கத்திலிருந்து ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சி காட்டினேன். கம்பளி என்றால் முடி கருகும் நாற்றம் வரும். நெருப்பை எடுத்ததும் தானே அணைந்துவிடும். மிஞ்சியதை விரலால் நசுக்கினால் கரித்தூளாக உதிரும். அக்ரிலிக் உருகி, ஆறியதும் கெட்டி மணியாக உறைந்துவிடும். கம்பளியும் நம் தலைமுடியும் ஒரே கெரட்டின் புரதம்தான், அந்த நாற்றம் அதனால் வருவது.

சோதித்து முடித்தபோது குவியல் பாதியாகக் குறைந்தது. லூதியானாவிலிருந்து மலைக்கு வரும் ஸ்வெட்டர்களில் அக்ரிலிக் தாராளம். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. மெஷினில் போட்டு எடுக்கலாம், சூடான இஸ்திரிப் பெட்டியை மட்டும் கிட்டே கொண்டுபோகக் கூடாது. அவற்றை ஒதுக்கியபின் மிஞ்சியவை: இரண்டு மெரினோ ஸ்வெட்டர், அப்பாவின் பழைய மப்ளர், வெள்ளைச் சால்வை ஒன்று, கர்நாடகத்துச் சள்ளகெரெ சந்தையில் வாங்கிய கறுப்புக் கம்பளிப் போர்வை ஒன்று.

மார்ச்: எதனால் சுருங்குகிறது

முழங்கை கிழிந்து, இனி போட முடியாது என்று ஆகிவிட்ட ஒரு ஸ்வெட்டரைச் சோதனைக்குப் பலி கொடுத்தேன். பத்து சென்டிமீட்டர் சதுரமாகத் துண்டுகள் வெட்டி, ஓரம் அடித்துக்கொண்டேன். ஒன்றைக் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் போட்டு, தொடாமல் அப்படியே விட்டேன். இன்னொன்றை அதே வெந்நீரில் பார் சோப்பு போட்டுக் கசக்கினேன். மூன்றாவதை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, மெதுவாக அமுக்கி எடுத்தேன்.

ஊறிக் கிடந்த துண்டில் அளவெடுத்துப் பார்க்கும்படி மாற்றம் இல்லை. கசக்கியது எட்டு சென்டிமீட்டருக்கு வந்து, பின்னல் கண்ணே தெரியாமல் அட்டை மாதிரி தடித்துப்போனது. சுடுதண்ணீரைத்தான் எல்லோரும் வைகிறார்கள், ஆனால் தனியாக அது செய்யும் கேடு குறைவு. கம்பளி இழையின் மேல் செதில்கள் ஒரே திசை பார்த்து அடுக்கியிருக்கும். ஈரத்தில், சூட்டில், சோப்பின் காரத்தில் இழை உப்பி வழுக்கும்போது தேய்த்தால், இழைகள் ஒரு பக்கமாகவே நகர்ந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். திரும்பி வர வழியில்லை. தலைக்குப் போடும் கண்டிஷனரில் ஊறவைத்து இழுத்தால் சரியாகிவிடும் என்பார்கள். அதையும் இந்தத் துண்டில் செய்து பார்த்தேன்: கொஞ்சம் இளகியது, இழுத்த இழுப்புக்குச் சற்று நீண்டது, தடிப்பு அப்படியே இருந்தது. பின்னும்போது இழுபட்ட நூல் முதல் ஈரத்தில் தளர்ந்து சுருங்குவது வேறு கதை. அதை ஈரமாக இருக்கும்போதே இழுத்துப் பழைய அளவுக்குக் கொண்டுவரலாம்.

சோப்பு விஷயத்தில் இரண்டைத்தான் வைத்துக்கொண்டேன். வெள்ளைச் சால்வைக்கு ஈஸி (Ezee) என்ற பெயரில் கடையில் கிடைக்கும் கம்பளிக்கான திரவ சோப்பு. மற்றவற்றுக்குப் பூந்திக்கொட்டை: கொட்டையை நீக்கி, தோலை ராத்திரி ஊறப்போட்டு, காலையில் கொதிக்கவைத்து வடிகட்டினால் போதும். அதன் சாறு லேசான அமிலம், கம்பளிக்கு ஒத்துப்போகிறது. ஆனால் பழுப்பு நிறம் என்பதால் வெளிர்த் துணிக்கு ஆகாது. சாதாரணச் சலவைத் தூளை நான் தொடுவதில்லை. காரம் ஒரு பக்கம் இருக்க, கறை நீக்க என்று அதில் சேர்க்கும் புரதம் தின்னும் என்சைம் கறையோடு கம்பளியையும் தின்னும். குளோரின் பிளீச் இன்னும் மோசம், கம்பளியையே கரைத்துவிடும்.

ஏப்ரல்: கறுப்புக் கம்பளி

பக்கத்து வீட்டு அக்கா பார்த்ததும் கேட்டார்: "ஏம்மா, கம்பளிய யாராச்சும் தொவைப்பாங்களா? வெயில்ல போட்டு ரெண்டு தட்டு தட்டினா ஆச்சு."

தட்டித்தான் ஆரம்பித்தேன். தட்டத் தட்டத் தூசி வந்துகொண்டே இருந்ததால் தண்ணீரிலும் போட்டேன். பழுப்பாகக் கஞ்சித் தண்ணீர் போல வந்தது. சாயம் இல்லை. அது ஆட்டின் சொந்தக் கறுப்பு. அந்தப் பக்கத்தில் கம்பளி நெய்கிறவர்கள் பாவு நூலுக்குப் புளியங்கொட்டைப் பசை பூசுவார்கள், கழன்று வந்தது அதுதான். காய்ந்தபின் கம்பளி குழைந்து, மடிக்க இலகுவாகிவிட்டது. விறைப்பு போய்விட்டது. போர்த்திக்கொள்ள எனக்கு இதுதான் பிடிக்கிறது, ஆனால் மழையில் தலைமேல் கொங்காணியாகப் போட்டுக்கொள்கிறவருக்கு அந்த விறைப்பு வேண்டியிருக்கும். இனி அக்கா சொன்ன வழிதான். ஈரமான கம்பளியை வாளியிலிருந்து தூக்க இரண்டு ஆள் வேண்டும் என்பதும் ஒரு காரணம்.

அது ஏன் குத்துகிறது என்றும் சிலர் கேட்டார்கள். முப்பது மைக்ரானுக்கு மேல் தடித்த இழையின் நுனி தோலில் வளையாமல் ஊன்றும். தக்காண ஆட்டு ரோமம் அந்த ரகம், மெரினோ அதைவிட மெல்லியது. துவைத்து அதை மிருதுவாக்க முடியாது, உள்ளே பருத்திச் சட்டை போட்டுக்கொள்ளலாம்.

ஜூலை: மூட்டம்

இங்கேதான் வேலையே ஆரம்பம். பிப்ரவரியில் ஒரு பகலில் காய்ந்த அதே ஸ்வெட்டர், மூட்டம் இறங்கிய வாரத்தில் நனைந்த ஆட்டு நாற்றம் வீச ஆரம்பித்தது. கொடியில் தொங்கவிடவும் முடியாது. தண்ணீரின் கனத்தில் தோள் இறங்கி, கை முழங்கால்வரை நீண்டுவிடும்.

இப்போது செய்யும் முறை இது. துவைக்குமுன் ஸ்வெட்டரைப் பழைய பெட்ஷீட்டில் விரித்து, ஓரத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுவிடுவேன். அலசியதும் முறுக்காமல் வலைப்பையில் போட்டு, மெஷினில் சுழற்சி மட்டும் ஒரு நிமிஷம். சுழலும்போது துணி டிரம்மின் சுவரோடு ஒட்டிக் கிடக்கும், தேய்வது இல்லை. பிறகு தடித்த துண்டில் பாய் போலச் சுருட்டி, மேலே ஏறி மிதிப்பேன். கடைசியில் பென்சில் கோட்டுக்குள் அடங்கும்படி இழுத்துச் சரிசெய்து, மரச்சட்டத்தில் அடித்த கொசுவலைமேல் விரிப்பேன். கீழே டேபிள் ஃபேன்.

காய்ந்துவிட்டதா என்று கையால் பார்ப்பது கம்பளியிடம் செல்லாது. தன் எடையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்ளே வைத்துக்கொண்டும் தொட்டால் உலர்ந்ததுபோலவே இருக்கும். அதனால் சமையல்கட்டுத் தராசைக் கொண்டுவந்தேன். துவைக்குமுன் 420 கிராம் இருந்த ஸ்வெட்டர், கைக்கு நன்றாகக் காய்ந்ததாகத் தெரிந்தபோது 465 காட்டியது. அப்படியே மடித்து அலமாரியில் வைத்திருந்தால் பூஞ்சைதான். எடை இறங்கும்வரை வலையைவிட்டு எடுப்பதில்லை. மூட்டம் நிற்கும் வாரத்தில் காற்றிலுள்ள ஈரத்தையே கம்பளி குடிப்பதால், பழைய எடைக்குப் பத்துப் பதினைந்து கிராம் மேலே வந்து நின்றுவிடும். அதோடு விட்டுவிடுவேன்.

வெயில் வந்தாலும் வெள்ளைச் சால்வையை நிழலில்தான் போடுகிறேன். நேர்வெயிலில் வெள்ளைக் கம்பளி மஞ்சளித்துவிடும்.

செப்டம்பர்: துவைக்காமல் இருப்பது

குன்னூருக்குப் பெருமழை வடகிழக்குப் பருவத்தில்தான். அக்டோபர், நவம்பரில் எதையும் நனைப்பதில்லை என்று முடிவு. போட்டுக் கழற்றியதை உடனே மடிக்காமல், ஜன்னலோரம் ராத்திரி முழுக்க நாற்காலியில் விரித்துவைத்தாலே வியர்வை வாடை பெரும்பாலும் போய்விடுகிறது. குழம்பு சிந்திய இடத்தை மட்டும் ஈரத்துணியால் ஒற்றி எடுக்கிறேன்.

மாதக்கணக்கில் எடுத்துவைப்பதை மட்டும் துவைக்காமல் வைக்கக் கூடாது. வியர்வையும் எண்ணெய்யும் பட்ட இடத்தைத்தான் அந்துப்பூச்சியின் புழு தேடிப்போகும். துளை போடுவது புழு, பறக்கும் பூச்சி எதையும் தின்பதில்லை. அந்துருண்டை வாடை எனக்குத் தலைவலி. அதனால் மப்ளரில் துளை பார்த்ததும், அதைப் பிளாஸ்டிக் உறையில் காற்றுப் போகாமல் கட்டி ஃப்ரீசரில் வைத்துவிட்டேன். மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் இருந்தால் முட்டையும் புழுவும் சாகும். எடுத்ததும் உறையைப் பிரிக்கக் கூடாது, அறைச் சூட்டுக்கு வந்தபின் பிரித்தால்தான் துணியில் வேர்க்காது. ஐஸ்கிரீம் வைக்க இடமில்லை என்று வீட்டில் புகார் வந்தது.

அடுத்தது அந்தத் துளையை இழை ஓட்டி மூட வேண்டும். சோதனைக்கு வெட்டிய ஸ்வெட்டரின் மிச்சத்திலிருந்து நூல் பிரித்து வைத்திருக்கிறேன், நிறம் ஏறக்குறைய ஒத்துப்போகிறது.