ஜீப்புக்கு நாங்களே செய்த ஷேக்கிள்: தோட்டத்து நாட்குறிப்பு

2023 மே 6, சனி

ஆனைகட்டிப் பக்கம் தோட்டத்தில் நிற்கும் பழைய மஹிந்திரா எம்எம் 540-க்கு இன்று 7.00-16 டயர் மாட்டினோம். இதுவரை 6.00-16 தான் ஓடியது. கேட்டிலிருந்து மேல் சாளைக்கு (தோட்டத்துக் குடிலுக்கு) போகும் இட்டேரி, அதாவது வேலிகளுக்கு நடுவே போகும் வண்டித்தடம், நடுவே ஒரு பள்ளத்தை (ஓடையை) கடக்கிறது. அங்கே உருண்டைக் கல் அதிகம், முன் அச்சின் குடம் (பற்சக்கரங்கள் இருக்கும் உருண்டைப் பகுதி) ஒவ்வொரு தடவையும் இடிக்கும். ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் அச்சு அதே இடத்தில்தான் இருக்கும். அச்சைத் தரையிலிருந்து தூக்குவது டயர் மட்டும்தான். அதனால் முதலில் டயர்.

இப்போது வேறு சிக்கல். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி ஒரு சக்கரம் கல்லில் ஏறினால் டயர் மட்கார்டு விளிம்பில் உரசுகிறது. இரண்டு அங்குலம் இடம் கிடைத்தால் போதும். கடையில் விசாரித்ததில் வண்டியை உயர்த்தும் முழு கிட்டுக்கு நாற்பதாயிரத்துக்கு மேல் சொன்னார்கள். இந்த வண்டிக்கு அது கட்டாது. மச்சானும் நானும் கையாலேயே செய்வதென்று முடிவெடுத்தோம்.

இன்றைய அளவு, சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை: முன் வலம் 412 மி.மீ., முன் இடம் 418. ஓட்டுநர் பக்கம் ஆறு மி.மீ. தணிந்திருக்கிறது.

மே 7, ஞாயிறு

காலை முழுக்க வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு யோசித்தோம்.

இந்த ஜீப்பில் ஸ்பிரிங் பட்டை அச்சுக்குக் கீழே இருக்கிறது. அதை அச்சுக்கு மேலே மாற்றினால் ஒரே அடியில் ஐந்து அங்குலம் கிடைக்கும், செலவும் குறைவு. மச்சானுக்கு அதில்தான் ஆசை. ஆனால் ஐந்து அங்குலம் உயர்ந்தால் புரொபெல்லர் ஷாஃப்ட் செங்குத்தாக இறங்கும், அதன் மூட்டான யூஜே கிராஸ் தாங்காது. ஸ்டியரிங் ராடு சரிவாகி, சக்கரம் மேலே ஏறும்போதெல்லாம் வண்டி தானாகத் திரும்பும். அச்சின் மேல் ஸ்பிரிங் உட்காரப் புதிய இருக்கைகளை வேறு வெல்டு வைக்க வேண்டும். அதைச் சரியான கோணத்தில் பிடித்து வைக்கும் சட்டம் (ஜிக்) எங்களிடம் இல்லை. வேண்டாம் என்றேன். அரை மணி நேரம் வாக்குவாதம் நடந்தது, அப்புறம் ஒத்துக்கொண்டான்.

எங்கள் வழி இரண்டு துண்டு. ஸ்பிரிங் முனையை வண்டிச் சட்டத்தோடு (சேஸிஸ்) இணைக்கும் ஷேக்கிளை 40 மி.மீ. நீளமாக்குவது, அதில் பாதிதான் உயரமாகக் கிடைக்கும், அதாவது 20 மி.மீ. ஸ்பிரிங் பட்டைகளின் கட்டுக்குள் ஒரு பட்டை கூடுதலாகச் சேர்ப்பது. அது ஒரு அங்குலம் தந்தால் போதும்.

மே 13, சனி

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை மச்சானுக்குப் படித்துக் காட்டினேன். பதிவுச் சான்றில் உள்ள விவரம் தயாரிப்பாளர் சொன்ன அமைப்போடு மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. ஆகவே இந்த வேலை முடிந்த பிறகு வண்டி தோட்டத்தின் கேட்டைத் தாண்டாது. பழைய டயரை எடுத்து வைத்திருக்கிறேன். பழைய ஷேக்கிளையும், பட்டைகளைக் கோக்கும் பழைய சென்டர் போல்ட்டையும் கழற்றியதும் எண்ணெய் பூசிச் சாக்கில் கட்டி வைக்கப்போகிறேன். சேஸிஸில் ஒரு ஓட்டைகூடப் போடப்போவதில்லை. வேண்டும்போது ஒரே நாளில் பழையபடி ஆக்கிவிடலாம்.

எதைச் செய்வது, எதை வாங்குவது என்றும் இன்று பேசி முடித்தோம். ஷேக்கிள், புஷ் (ஷேக்கிள் போல்ட்டைச் சுற்றி இருக்கும் உருளை), பம்ப் ஸ்டாப் (அச்சு மேலே இடிக்காமல் தடுக்கும் கட்டை) ஆகியவை நம் கையால். போல்ட், நட், ஸ்பிரிங்கை அச்சோடு கட்டும் யு போல்ட், பிரேக் ஹோஸ் ஆகியவை கடையில், புதிதாக. ஸ்டியரிங் ராடையும் நக்கிளையும் (முன்சக்கரம் திரும்பும் மூட்டு) தொடவே கூடாது. யு போல்ட்டை ஒருமுறை முறுக்கினாலே அது கொஞ்சம் இழுபட்டுவிடும், பழையதைத் திரும்பப் போடுவது எனக்குச் சம்மதமில்லை. இருநூறு முந்நூறு ரூபாயை அதில் மிச்சம் பிடிக்கும் ஆட்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

மே 20, சனி

கோவையில் கணபதி பகுதியில் தெரிந்த லேத் பட்டறை. முழு நாளும் அங்கேதான்.

50 மி.மீ. அகலம், 12 மி.மீ. கனமுள்ள எம்எஸ் (மென் எஃகு) பட்டை. மீட்டருக்கு 4.7 கிலோ வரும். ஒரு ஷேக்கிளுக்கு இரண்டு தகடு, நான்கு ஷேக்கிளுக்கு எட்டு. பழைய ஷேக்கிளின் ஓட்டை மையங்களுக்கு இடையே 75 மி.மீ. இருந்தது, புதியதில் 115. இரு முனையிலும் 25 விட்டால் ஒரு தகடு 165 மி.மீ. வெட்டும் சேதாரம் சேர்த்து 1.4 மீட்டர், சுமார் ஆறரை கிலோ இரும்பு. விலை ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது.

ஓட்டை போடுவதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒவ்வொரு தகட்டிலும் தனித்தனியாகக் குறித்துத் துளைத்தால் அரை மி.மீ. வித்தியாசம் வந்தே தீரும். பிறகு இரண்டு போல்ட்டும் இணையாக நிற்காது, புஷ் ஒரு பக்கமாகத் தேயும். அதனால் ஜோடி ஜோடியாகச் சேர்த்து நாலு மூலையிலும் சின்ன டேக் (புள்ளி வெல்டு) வைத்து, முதலில் 5 மி.மீ. துளை, அப்புறம் 11.5, கடைசியில் துளையைத் துல்லியமாக்க 12-க்கு ரீமர். பிறகு டேக்கைக் கிரைண்டரில் தேய்த்துப் பிரித்தோம். ஜோடிக்கு எண் பஞ்ச் அடித்தாயிற்று. கேஸ் கட்டரில் ஓட்டை ஊதித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னார், வேண்டாம் என்று மறுத்துவிட்டேன். அதில் ஓட்டை வட்டமாகவும் வராது, சூடு பட்ட விளிம்பில் விரிசலும் பிறக்கும்.

நீண்ட ஷேக்கிள் பக்கவாட்டில் ஆடும். அதனால் இரண்டு தகடுக்கும் நடுவே ஒரு குழாய்த் துண்டை வைத்து வெல்டு செய்தோம், பார்ப்பதற்கு எச் எழுத்து போல இருக்கிறது. வெல்டு வைத்தால் இரும்பு இழுக்கும். அதைத் தடுக்க இரண்டு முனையிலும் போலி ஸ்லீவ் (குழாய் உறை) போட்டுப் போல்ட்டை முறுக்கி வைத்துக்கொண்டே வெல்டு. 7018 வெல்டிங் ராடு, அதுவும் அடுப்பில் சூடுகாட்டி ஈரம் போக்கியது. லேத் அண்ணன் அதில் கண்டிப்பானவர். "ஈர ராடுல வெச்சா பாக்க நல்லாத்தானுங்க இருக்கும், உள்ளார ஓட்டையா நிக்கும்" என்றார். வெல்டு ஓட்டையை நெருங்கவே கூடாது என்பதால் நடுவில் மட்டும் வைத்தோம்.

புஷ் நைலான் ராடில் கடைந்தது. உள்ளே 18 மி.மீ. இரும்பு ஸ்லீவ், புஷ்ஷின் உள்விட்டம் 18.1. ஸ்லீவ் புஷ்ஷைவிட அரை மி.மீ. நீளம். தகடு ஸ்லீவைத்தான் பிடிக்க வேண்டும். புஷ்ஷைப் பிடித்தால் ஷேக்கிள் அசையாது.

மே 27, சனி

ஸ்பிரிங் பட்டறை. கூடுதல் பட்டையை உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில் பொறுக்கினோம். நம் கட்டில் இருப்பதைப் போலவே 45 மி.மீ. அகலம், நடு ஓட்டை ஏற்கெனவே உள்ளது. கெட்டிப்பட்ட ஸ்பிரிங் எஃகில் புதிதாக ஓட்டை போடுவது பெரும்பாடு.

பட்டறைப் பெரியவர் கட்டைப் பிரித்து ஒவ்வொரு பட்டையையும் தரையில் பரப்பினார். ஓட்டுநர் பக்கத்தின் மூன்றாம் பட்டையில் நூல் போல ஒரு விரிசல். சென்டர் போல்ட் ஓட்டையிலிருந்து ஓரம் வரை போயிருந்தது. அந்த ஆறு மி.மீ. தணிவுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. வண்டியைப் பிரிக்காமல் ஷேக்கிளை மட்டும் மாற்றியிருந்தால் இதைப் பார்த்திருக்கவே மாட்டோம்.

வெல்டு வைக்கலாமா என்று மச்சான் கேட்டான். பெரியவர் தலையை ஆட்டினார். "பட்டைக்கு நெருப்புக் காட்டக் கூடாதுங்க தம்பி. காட்டுன எடத்துல செத்துப் போயிரும்." சரியான பேச்சு. ஸ்பிரிங் எஃகைச் சூடாக்கி எண்ணெயில் குளிர்வித்து, மறுபடியும் பதமான சூட்டில் வைத்துத்தான் அந்த உறுதியும் வளையும் தன்மையும் சேர்ந்து வருகின்றன. வெல்டு வைக்கும் இடத்தில் அந்தப் பதம் முழுவதும் அழிந்துவிடும், பக்கத்திலேயே கண்ணாடி போல முறியும். வேறு பட்டை வாங்கிப் போட்டோம்.

வளைவு முழுக்கக் குளிர்ந்த நிலையில், சுத்தியல் அடியிலேயே. ஒவ்வொரு அடியும் ஒரு விரற்கடை தள்ளித் தள்ளி. கீழ்ப் பட்டை மேல் பட்டையைவிடக் கொஞ்சம் கூடுதலாக வளைந்திருக்க வேண்டும், அப்போதுதான் சென்டர் போல்ட்டை இறுக்கும்போது முனைகள் ஒன்றையொன்று கவ்வும். பெரியவர் அளவுகோலே வைக்கவில்லை. ஒரு பட்டையை இன்னொன்றின் மேல் வைத்து இடைவெளியைக் கண்ணால் பார்த்தார். அவர் வேலையைப் பார்த்துக்கொண்டே இரண்டு மணி நேரம் நின்றேன்.

ஜூன் 4, ஞாயிறு

பூட்டினோம். முதல் முயற்சியில் ஷேக்கிள் ஏறக்குறைய நேராக நின்றது. வளைவு கூடினால் ஸ்பிரிங்கின் இரு முனையிலும் உள்ள வளையங்களுக்கு (கண்களுக்கு) இடையே உள்ள தூரம் குறையும், அதனால் ஷேக்கிள் உள்ளே இழுபடும். நேராக நிற்கும் ஷேக்கிள் எந்தப் பக்கம் சாய்வது என்று தெரியாமல் இடிக்கும். வெளிப்பக்கம் சாய்ந்து நிற்க வேண்டும். கூடுதல் பட்டையின் நீளத்தைக் குறைத்து மறுபடி கட்டிய பிறகு சாய்வு சரியானது.

போல்ட்டை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது முறுக்கக் கூடாது. சேஸிஸ் பக்கம் இன்னும் பழைய ரப்பர் புஷ்தான். தொங்கும் நிலையில் இறுக்கினால் வண்டி இறங்கியதும் ரப்பர் முறுகிக்கொண்டே இருக்கும், சீக்கிரம் கிழியும். சக்கரத்தைத் தரையில் வைத்து, வண்டியை நாலு தடவை அமுக்கி ஆட்டி, அதற்கப்புறம்தான் கடைசி முறுக்கு.

அளவு: முன் வலம் 459, முன் இடம் 461. நினைத்ததற்கு மிக அருகில்.

ஓட்டிப் பார்த்தபோது மகிழ்ச்சி பாதியில் நின்றது. மேல் சாளைக்கு முன்னால் உள்ள நேர்த் தடத்தில் 30 கி.மீ. வேகத்தில் வண்டி நேராக நிற்கவில்லை. ஸ்டியரிங் தானாக நடுவுக்குத் திரும்பி வரவும் இல்லை.

ஜூன் 11, ஞாயிறு

காரணம் காஸ்டர், அதாவது முன்சக்கரம் திரும்பும் ஆணியான கிங்பின்னின் சாய்வு. இந்த ஜீப்பில் முன் ஸ்பிரிங்கின் ஷேக்கிள் முன்முனையில் இருக்கிறது. அதை 40 மி.மீ. நீட்டினால் ஸ்பிரிங்கின் முன்முனை அந்த அளவு தணியும், அச்சும் கூடவே முன்னால் கவிழும். ஸ்பிரிங் நீளம் 920 மி.மீ. கணக்குப் போட்டால் இரண்டரை டிகிரி. கிங்பின்னின் மேல்முனை பின்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டிய 3 டிகிரியில் மிச்சம் அரை டிகிரிதான். கோணமானியை நக்கிள் மேல் வைத்துப் பார்த்தேன், அதேதான். இதைப் பூட்டுவதற்கு முன்பே கணக்கிட்டிருக்க வேண்டும்.

தீர்வு ஆப்பு. அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே 3 டிகிரி சரிவுள்ள இரும்புத் துண்டு. 110 மி.மீ. நீளத்துக்கு ஒரு முனை 3 மி.மீ., மறுமுனை கிட்டத்தட்ட 8.8. கனமான முனை முன்பக்கம் வரும். அலுமினியத்தில் செய்தால் நசுங்கியும் உடைந்தும் போகும் என்பதால் இரும்பிலேயே மில்லிங் போட்டு வாங்கினோம். சென்டர் போல்ட் இப்போது ஆப்பையும் துளைத்துப் போகிறது, அதன் தலை அச்சின் குழிக்குள் முழுதாக உட்கார வேண்டும். அதற்காகக் கொஞ்சம் நீளமான போல்ட்.

ஜூன் 18, ஞாயிறு

ஆப்பு வைத்த பிறகு கோணமானி 3.5 காட்டுகிறது. நேர்த் தடத்தில் ஒரு கையால் பிடித்தாலும் வண்டி நேராகப் போகிறது. அச்சின் பினியன் மூக்கும் (புரொபெல்லர் ஷாஃப்ட் வந்து சேரும் முனை) ஏறக்குறைய பழைய கோணத்துக்கே வந்துவிட்டது.

ஒரு முன்சக்கரத்தைப் பாறையில் ஏற்றி, எதிர்ச் சக்கரம் முழுக்கத் தொங்கும்படி நிறுத்தினோம். பிரேக் ஹோஸ் நாண் போல விறைத்து நின்றது. அன்றைக்கே நீளமான ஹோஸ் மாற்றினோம். ஷாக் அப்சார்பர் எல்லை வரை இழுபடாமல் நிற்கிறதா என்றும், புரொபெல்லர் ஷாஃப்டின் சறுக்குப் பகுதி எவ்வளவு உள்ளே மிச்சம் இருக்கிறது என்றும் பார்த்தோம். இரண்டும் சரி.

ஜூலை 9, ஞாயிறு

ஒரு வாரமாக மழை. பள்ளத்தில் தண்ணீர். வண்டி கட்டைபோல ஓடுகிறது. சின்னக் கல்லுக்கும் உடம்பு தூக்கிப் போடுகிறது, கிரீச் சத்தம் வேறு. முன் ஷேக்கிள் இரண்டும் அசையவே இல்லை.

கழற்றினோம். ஸ்லீவைச் சுத்தியலால் தட்டித்தான் எடுக்க முடிந்தது. புஷ்ஷின் உள்விட்டம் 17.9. நைலான் ஈரத்தை உறிஞ்சி ஊதும். வெளிப்பக்கம் ஸ்பிரிங் கண் பிடித்துக்கொள்வதால் உள்பக்கம்தான் சுருங்கும். லேத் பட்டறையில் நைலான் புஷ் எல்லா வேலைக்கும் போகிறது, நானும் அதையே நம்பினேன். தண்ணீரில் இறங்கும் வண்டிக்கு அது ஒத்துவராது. மேலும் ஒரு சக்கரம் ஏறி ஒன்று இறங்கும்போது ஸ்பிரிங் கண் கொஞ்சம் முறுக வேண்டும். நைலான் அதற்கும் இடம் கொடுக்காது, அந்த முறுக்கெல்லாம் தகட்டுக்குப் போகும். வெல்டைக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன், விரிசல் இல்லை.

ஜூலை 16, ஞாயிறு

பாலியூரித்தேன் ராடு வாங்கினோம். அது ரப்பர் போல வளைந்து கொடுப்பதால் லேத்தில் டூலை விட்டு விலகி ஓடும். முந்தின இரவு ராடை வீட்டு ஃப்ரீசரில் வைத்து உறையவிட்டு, காலையில் துணியில் சுற்றி எடுத்துப்போய், கூர்மையான டூலில் வேகமாகக் கடைந்தோம். மீன் பொட்டலத்துக்குப் பக்கத்தில் இது என்ன என்று அம்மா கேட்டார். சொன்னதும், அடுத்த முறை பாலிதீனில் சுற்றி வை என்றார். உள்விட்டம் 18.2 வைத்தோம், கிரீஸ் போக ஒரு வரிப்பள்ளமும் வெட்டினோம்.

இதுவரை இரும்பு, லேத் கூலி, பட்டை, பட்டறைக் கூலி, போல்ட், யு போல்ட், ஹோஸ், இரண்டு தரம் செய்த புஷ் எல்லாம் சேர்த்து 9,340 ரூபாய். டயர் இதில் இல்லை.

மாலையில் மழை விட்டதும் மச்சான் ஓட்ட, நான் முன்னால் நடந்து சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே பள்ளத்தைக் கடந்தோம். முன் வலம் முழுக்க மேலே ஏறியது, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே என் உள்ளங்கை நுழைந்தது. யு போல்ட் நட்டுகளை மறுபடி முறுக்கிப் பார்த்ததில் இரண்டு நட்டுகள் கால் சுற்று இறங்கின. அடுத்த ஞாயிறு இன்னொரு தரம் பார்க்க வேண்டும்.