காடி இறங்கும்போது கூடவே இறங்குபவை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், லிந்தாங் சாலைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு முதல் காடி (கார்) பெரும்பாலும் பழைய புரோட்டோன் வீராவாகவோ பெரோடுவா மைவியாகவோ இருக்கும். அப்பா ஓட்டி வைத்த வீரா, அக்கா வேலைக்குப் போய் வாங்கிய மைவி. சாவி கைக்கு வந்ததுமே நான் வேலை செய்யும் டயர் பட்டறைக்கு வந்துவிடுவார்கள். "அண்ணே, காடிய கொஞ்சம் இறக்கணும்." காடியின் உடல் தரைக்கு இன்னும் பக்கத்தில் தாழ்ந்து நிற்க வேண்டும் என்று அர்த்தம்.

"தெனமும் எந்த வழியா ஓட்டுறே தம்பி?" என்றுதான் நான் முதலில் கேட்பேன். ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்ட தோட்டங்களில் பழக்குலை லோரிகள் நாள் முழுக்க ஓடுகின்றன. மழை விட்டபின் பார்த்தால் செம்மண் பாதையில் சக்கரத் தடம் இரண்டு பக்கமும் பள்ளமாகி, நடுவில் மேடு நிற்கும். அந்த மேடு தாழ்ந்த காடியின் அடிவயிற்றைத்தான் முதலில் உரசும்.

காசு கம்மியாக இருப்பவர்கள் ஸ்பிரிங் போத்தோங் செய்ய, அதாவது வெட்டிக் குட்டையாக்கச் சொல்வார்கள். எங்கள் பட்டறையில் அதைச் செய்வதில்லை, முதலாளியும் நானும் இதில் ஒரே பேச்சு. வெட்டிய ஸ்பிரிங்கின் முனை தட்டில் சரியாக உட்காராது. மேடு தாண்டிச் சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் இடத்தைவிட்டு நகரும். சில இடங்களில் கேஸ் நெருப்பால் சூடுகாட்டியே இறக்குகிறார்கள். அப்படிச் செய்தால் இரும்பின் முறுக்கு போய்விடும், ஸ்பிரிங் அதன்பின் தானாகவே அமுங்கிக்கொண்டு போகும். குலுக்கலை அடக்கும் அப்சார்பரோ பழைய உயரத்துக்குச் செய்யப்பட்டது. அதன் தண்டு எப்போதும் பாதி உள்ளே போயே நிற்பதால், சின்னக் குழியிலும் பம்ப் ஸ்டாப்பர் என்ற தடுப்பு ரப்பரில் இடித்து, கடைசியில் எண்ணெய் கசியும். ஆகவே இறக்குவதென்றால் கெட்டியான, குட்டையான ஸ்பிரிங். அதற்கேற்ற குட்டை அப்சார்பர். இல்லையென்றால் ஹைலோ, அதாவது வளையத்தைத் திருகி உயரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஸ்பிரிங்-அப்சார்பர் செட்.

இதுவரை பெரும்பாலோருக்குத் தெரியும். யாரும் குனிந்து பார்க்காதது லோவர் ஆர்மை, அதாவது சக்கரத்தைக் காடியின் அடியோடு இணைக்கும் கையை.

வீரா, மைவி இரண்டுக்கும் முன்பக்கம் மேக்பெர்சன் ஸ்ட்ரட்தான்: ஸ்பிரிங்கும் அப்சார்பரும் ஒன்றாக நிற்கும் அமைப்பு, கீழே ஒரே ஆர்ம். காடி தன் சொந்த உயரத்தில் நிற்கும்போது லோவர் ஆர்மின் சக்கரப் பக்கத்து முனை கொஞ்சம் தாழ்ந்திருக்கும். காடியை இறக்க இறக்க ஆர்ம் மட்டமாகும்; இன்னும் இறக்கினால் சக்கரப் பக்கம் மேலே ஏறிவிடும். மட்டத்தைத் தாண்டி ஏற ஏறக் கணக்கு தலைகீழாகும். வளைவில் அமுங்கும்போது சக்கரத்தின் தலை உள்பக்கம் சாய்ந்து ரோட்டைப் பிடிக்க வேண்டிய நேரத்தில், அது வெளிப்பக்கம் சாயத் தொடங்குகிறது. காடி எந்தப் புள்ளியை வைத்துச் சாய்கிறதோ, ரோல் சென்டர் என்கிறார்களே, அது காடியின் எடை மையத்தைவிட வேகமாகக் கீழே போய்விடும். அதனால் ஸ்பிரிங்கைக் கெட்டியாக்காமல் வெறுமனே இறக்கிய காடி வளைவில் முன்னைவிட அதிகமாகவே சாயக்கூடும். ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் கோணமும் ஆர்மோடு ஒத்துப்போகாவிட்டால், ஒவ்வொரு குழியிலும் சக்கரம் தானாகத் திரும்பும். ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் கைக்கு அது உடனே தெரியும்.

ஆர்மின் முனையில் சக்கரத்தைப் பிடிக்கும் பால் ஜாயிண்டை நீண்ட முள் வைத்ததாக மாற்றி, அதற்கேற்ற டை ராட் முனையையும் போட்டு இதைச் சரிசெய்யலாம். செலவு உண்டு. நம் ரோட்டுக்கு 30 மில்லிமீட்டரோடு நிறுத்தி, ஆர்மை மட்டம் தாண்ட விடாமல் வைப்பதே நல்லது என்பது என் முடிவு. பையன்களுக்கு இது பிடிப்பதில்லை.

வீரா 1993இல் வந்த காடி. ஆர்மைக் காடியோடு பிடிக்கும் அதன் புஷ் ரப்பர்கள் வெடித்துப் போயிருந்தால், மேலே எவ்வளவு விலையுயர்ந்த ஹைலோ போட்டாலும் சக்கரங்களின் கோணம், அதாவது எலைன்மெண்ட், நிற்காது. முதல் ரிங்கிட்டைப் புஷ்ஷுக்கும் பால் ஜாயிண்டுக்கும் செலவழிக்கச் சொல்வேன். புது புஷ் போட்டபின் அதைப் பிடிக்கும் போல்ட்டைச் சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கவே கூடாது. ரப்பர் இரண்டு பக்கமும் இரும்போடு ஒட்டியது. தொங்கும்போது இறுக்கினால், காடி தரையில் நிற்கும் நேரமெல்லாம் பிழிந்த துணி மாதிரி முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். பாரம் சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் கடைசி இறுக்கு. பழைய புஷ்ஷையே வைத்துக் காடியை இறக்கினாலும் அந்த போல்ட்டைத் தளர்த்திப் புது உயரத்தில் மறுபடி இறுக்க வேண்டும். பல பட்டறைகளில் இதற்கு நேரம் ஒதுக்குவதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

டயரின் உள்பக்கம் தேய்ந்தால் எல்லாரும் கேம்பரைத்தான், அதாவது சக்கரத்தின் தலை உள்ளேயோ வெளியேயோ சாய்வதைத்தான், குறை சொல்கிறார்கள். டோதான் பெரிய திருடன்: மேலிருந்து பார்த்தால் சக்கரம் நேராக இல்லாமல் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம். ஒரு சக்கரம் அரை டிகிரி விலகி நின்றால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 9 மீட்டர் பக்கவாட்டில் தேய்ந்துகொண்டு போகிறது. ஈப்போவுக்குத் தினமும் வேலைக்குப் போய்வரும் பிள்ளையின் டயர் எத்தனை மாதம் தாங்கும்? கேம்பர் போல்ட் போட்டு முதலில் கேம்பரை வைப்பேன். அது டோவை மாற்றிவிடும் என்பதால் டோ அதற்குப் பிறகு. மைவிக்குப் பின்பக்கம் ஒரே பீம், திருக நட்டு கிடையாது. வீராவுக்குப் பின்னாலும் பல ஆர்ம்கள். அங்கே அளக்காமல் முன்பக்கத்தை மட்டும் சரிசெய்தால் ஸ்டியரிங் நேராக நிற்காது. ஸ்பிரிங் உட்கார்ந்தபின், இரண்டு வாரத்தில் மறுபடி வரச் சொல்வேன். ஹெட்லைட்டின் கோணத்தையும் அன்று பார்த்துவிடுவேன்.

தீபாவளிக்கு முன்புதான் கூட்டம் அதிகம். காலியான காடியில் உயரம் வைத்துவிட்டு, பிறகு குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போவார்கள். "வீட்ல எத்தன பேரு போவீங்க? கூட்டிட்டு வா" என்பேன். போன வருடம் வீரா வைத்திருந்த ஒரு தம்பி அம்மாவையும் தங்கைகளையும் உண்மையிலேயே கூட்டி வந்துவிட்டான். அவர்களைப் பின்சீட்டில் உட்கார வைத்து, பம்ப் ஸ்டாப்பருக்கு எவ்வளவு இடம் மிச்சம் என்று அவனையே குனிந்து பார்க்கச் சொன்னேன். "அண்ணே, பின்னாடி கொஞ்சம் ஏத்திடுங்க" என்றான். ஹைலோ வளையத்தை 15 மில்லிமீட்டர் ஏற்றி, பின்பக்க டோவை மறுபடி அளந்து அனுப்பினேன். முன்பக்கத்தை அவன் கேட்ட உயரத்திலேயே விட்டுவிட்டேன். அங்கே ஆர்ம் இன்னும் மட்டத்தில்தான் இருந்தது.